முஸ்தஃபா போட்ட மஞ்சள் கோடு

9 மார்ச், ஞாயிறு

காரின் மேல் போர்த்தியிருந்த துணியை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டேன். ஜனவரிக்குப் பிறகு இன்றுதான். பாடி வேலை அப்போதே முடிந்துவிட்டது. இடதுபக்கக் கதவு புதுசு, பெயின்டும் பொருந்திவிட்டது, தெரியாதவர்கள் கண்டுபிடிக்க முடியாது. என் வீட்டுக்காரர் லோகேஸ் வாசலில் நின்று பார்த்தார், கிட்டே வரவில்லை. அவருக்கு இடது கை இன்னும் தலைக்கு மேல் எழும்பவில்லை.

1999-ல் செய்த சத்ரியா ஜிடிஐ. கல்யாணத்துக்கு முன்பே என் சம்பளத்தில் நானே வாங்கியது. "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குடி இந்தச் சத்தம் போடற காடி?" என்று அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இப்போது எல்லாரும் விற்றுவிடச் சொல்கிறார்கள். விற்க மாட்டேன். சஸ்பென்ஷனை முழுசாக மாற்றப் போகிறேன். நான்கு சக்கரத்துக்கும் இறுக்கம் கூட்டிக் குறைக்கிற அப்சார்பர், புது ஸ்பிரிங், புது ரப்பர் புஷ், பின்னால் தடித்த ஸ்டெபிலைசர் கம்பி. வளைவில் இனி ஆடவே கூடாது.

அந்த மெக்கானிக் முஸ்தஃபா கைவைத்த ஒரு நட்டுகூட என் காரில் மிஞ்சக் கூடாது.

12 மார்ச், புதன்

ஜெலுத்தோங்கில் அர்ஜுனன் அண்ணனின் பட்டறைக்குப் போனேன். பழைய கார் என்றால் இவர்தான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். "என்னம்மா ஆச்சு?" என்றார். ஒப்பித்தேன் — எத்தனை தடவை சொன்ன கதை! நவம்பர் 2-ஆம் தேதி முஸ்தஃபா பின்பக்க அப்சார்பரும் புஷ்ஷும் மாற்றினான். நவம்பர் 17, தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் பூலாவ் போகிற மலை ரோடு, தித்தி கெராவாங் தாண்டி ஒரு வளைவு, தூறல். பின்பக்கம் அப்படியே வழுக்கிச் சுற்றி, லோகேஸ் உட்கார்ந்திருந்த பக்கம் இரும்புத் தடுப்பில் மோதியது. அவருக்குக் காறை எலும்பு உடைந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால் கைவைத்தவன் சரியாக முடுக்கவில்லை. வேறென்ன இருக்க முடியும்?

அண்ணன் "ஆங்" என்றார். சனிக்கிழமை விட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

விபத்து நடந்த அன்றைக்கே ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தபடி எங்கள் பழைய கார்க் குழுவில் எழுதிப்போட்டேன். இருநூற்றைம்பது பேர் இருக்கிற வாட்ஸ்அப் குழு. அவன் கடைப் பலகையின் படத்தையும் போட்டேன். "இவன்கிட்ட காடிய விடாதீங்க. என் புருஷன் உயிரு போகத் தெரிஞ்சுது." ஒரு மணி நேரத்தில் எழுபது பேர் பதில் எழுதினார்கள். அவன் ஒரு வரி எழுதினான்: "அக்கா, நான் வந்து காடிய பாக்கலாமா?" பார்க்க விடவில்லை. அட்மின் தயாளன் அவனைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்.

சரியாகத்தான் செய்தேன்.

15 மார்ச், சனி

காரை விட்டுவிட்டு வந்தேன். சாமான் வர ஒரு வாரமாகும்.

22 மார்ச், சனி

எழுதித்தான் ஆகவேண்டும்.

அண்ணன் போன் செய்து வரச் சொன்னார். கார் மேலே தூக்கியிருந்தது. டார்ச்சைப் பின் சக்கரத்துக்கு உள்பக்கம் அடித்தார்.

"யாரும்மா இத மாட்டினது?"

"அவன்தான்ணே. முஸ்தஃபா."

"இங்க வா. இந்தக் கோட்டப் பாரு."

ஒவ்வொரு நட்டிலும் மஞ்சள் பெயின்டில் மெல்லிசாக ஒரு கோடு. நட்டில் தொடங்கி பக்கத்து இரும்பு வரை ஒரே இழுப்பு. மேலே அழுக்கு படிந்திருந்தது, அண்ணன் துணியால் துடைத்துத் துடைத்துக் காட்டினார்.

"முடுக்கி முடிச்சதும் போடற கோடு. எல்லாரும் போட மாட்டாங்க, பொறும வேணும். நட்டு ஒரு முடி அசைஞ்சாலும் கோடு ரெண்டா விலகிரும். எங்கயாச்சும் விலகியிருக்கா, நீயே பாத்துச் சொல்லு."

பார்த்தேன். பதினான்கு கோடு. ஒன்றுகூட விலகவில்லை. அந்த மோதலுக்குப் பிறகும்!

"புஷ்ஷு எல்லாம் புதுசு மாரி இருக்கு. கழட்டவே மனசு வரல லா," என்றவர் பின் டயரை விரல் நகத்தால் கீறிப் பார்த்தார். பக்கவாட்டில் இருந்த நான்கு எண்ணைப் படித்தார். 1815. 2015-ஆம் வருடம் பதினெட்டாவது வாரம் செய்த டயர். "முன்னாடி புதுசு, பின்னாடி பத்து வருசத்துது. கல்லு மாரி கெடக்கு. ஈரத்துல இது எப்படிம்மா புடிக்கும்? வளைவுல பயந்து ஆக்ஸிலேட்டர்லருந்து கால எடுத்தியா?"

நான் அந்த நான்கு எண்ணை மறுபடி படித்தேன்.

எடுத்தேன். வளைவு நினைத்ததைவிட இறுகியது, பயந்துபோய்ச் சட்டென்று எடுத்தேன். பாரமெல்லாம் முன்னால் போகும், பின்பக்கம் லேசாகிவிடும், பிடி இல்லாத டயர் வழுக்கத்தான் செய்யும். இது எனக்குத் தெரியாதா? பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் என் வேலையே என்ன? திரும்பி வந்த சிப் ஏன் செத்தது என்று கண்டுபிடிப்பது. "யார் மேலயும் கை நீட்டாதீங்க, முதல்ல அளந்து பாருங்க" என்று புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறவள் நான். பாடி வேலை முடிந்து வந்த கார் இரண்டு மாதம் என் வாசலிலேயே நின்றது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், குனிந்து பார்த்தேனா?

பார்க்க பயம். அதுதானே உண்மை? சொல்லு.

23 மார்ச், ஞாயிறு

போன வருட நோட்டைத் தேடி எடுத்தேன். எடுக்காமலே இருந்திருக்கலாம்.

நவம்பர் 2: "முஸ்தஃபா வேலை சுத்தம். பின் டயரையும் மாத்துங்கக்கா, அதுவரைக்கும் மழையில மலைக்குப் போகாதீங்க என்றான். டயர் விற்கப் பார்க்கிறான் போல. தலையாட்டிவிட்டு வந்தேன்."

என் கையெழுத்து. அடிப் பாவி.

24 மார்ச், திங்கள்

லோகேஸிடம் சொன்னேன். கோடு, டயர், கால் எடுத்தது, நோட்டு — ஒன்றையும் விடவில்லை. அவர் டிவியை அணைத்தார். பிறகு, "எனக்குத் தெரியும் பிரமி," என்றார்.

"என்ன தெரியும்?"

"அவன் டயரப் பத்திச் சொன்னப்ப நானும் பக்கத்துலதான நின்னேன். அன்னைக்கு ஆஸ்பத்திரியில நீ அழுத அழுகையப் பாத்துட்டு, உன் மேலதான் தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அப்புறம் நாள் போயிருச்சு."

கத்தினேன். "என் மேல பாசம்னா என்னை நிறுத்தியிருக்கணும்ல நீங்க!" என்று. பாவம், உடைந்த எலும்போடு படுத்துக் கிடந்த மனுஷன். கத்திவிட்டு நானேதான் அழுதேன். அவர் நல்ல கையால் என் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். அந்தப் பையன் முஸ்தஃபாவுக்கு யார் தடவுவார்கள்?

26 மார்ச், புதன்

புது சஸ்பென்ஷன் ஏறிவிட்டது, நான்கு டயரும் புதுசு. கார் விரல் சொன்னபடி திரும்புகிறது. சந்தோஷமே இல்லை.

முஸ்தஃபாவைப் பற்றி அர்ஜுனன் அண்ணனிடம் கேட்டேன். ஜனவரியில் கடையை மூடிவிட்டானாம். சொல்லிவைத்திருந்த கார்கள் ஒவ்வொன்றாக வராமல் போயின. "இன்ஜினியர் அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று பேசிக்கொண்டார்களாம். இப்போது தொழிற்சாலை பஸ் டிப்போவில் வேலை. விடியற்காலை மூன்று மணிக்குப் போய் பஸ்களைப் பார்த்து அனுப்புகிறான். எங்கள் ஆட்கள் வருகிற பஸ்ஸும் அதில் ஒன்று.

31 மார்ச், திங்கள். நோன்புப் பெருநாள்

லோகேஸின் யோசனை: "இன்னைக்குப் போனா வாசல்ல நிக்க வைக்க மாட்டாங்க. பெருநாள் அன்னைக்கு மன்னிப்புக் கேக்கறது அவங்க வழக்கம்தானே." எனக்கும் அது சுலபமாகத்தான் பட்டது. கேக் வாங்கிக்கொண்டு அவருடைய காரில் சுங்கை பினாங்கு அடுக்குமாடிக்குப் போனோம்.

முஸ்தஃபா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். இளைத்திருந்தான். அவன் மனைவி நூருல் தட்டு கொண்டுவந்து வைத்தாள். "கோழி ரெண்டாங்தான்கா, சாப்பிடுங்க." தட்டைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். உன் வேலையில் தப்பில்லை, தப்பு முழுக்க என்னுடையது, மாஃப் சாஹிர் பாத்தின், உள்ளும் புறமும் மன்னித்துவிடு. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "பரவால்லக்கா," என்றான்.

"நீங்க பரவால்லன்னு சொல்லலாம். நான் சொல்ல மாட்டேன்," என்றாள் நூருல். சத்தமே போடவில்லை. "அக்கா, இன்னைக்கு இந்த வாசல்ல வர்ற எல்லாரும் மாஃப் கேட்டுட்டுத்தான் போறாங்க. நீங்களும் அந்தக் கூட்டத்தோட கேட்டுட்டுப் போயிருவீங்க. ஆனா அன்னைக்கு எங்க எழுதுனீங்க? இருநூத்தம்பது பேரு முன்னாடி. இங்க எங்க வீட்டுக்குள்ள வந்து சொன்னா, யாருக்குத் தெரியும்?"

முஸ்தஃபா "நூருல்" என்று அடக்கினான். அவள் அடங்கவில்லை. "எங்க எழுதுனீங்களோ அங்கயே எழுதுங்கக்கா. அப்புறம் வாங்க, ரெண்டாவது தட்டும் நானே போடறேன்."

முகத்தில் ஈயாடாமல் வெளியே வந்தேன்.

3 ஏப்ரல், வியாழன்

நான்கு தடவை எழுதி நான்கு தடவை அழித்தேன். "தவறான புரிதல்" என்று ஒரு சொல் போட்டேன், துப்பத் தோன்றியது. தயாளனிடம் முன்கூட்டியே சொல்லலாம் என்று போன் செய்தேன். "விடுங்க லா பிரமிளா, எல்லாரும் மறந்துட்டாங்க. இப்பப் போயி நீங்களே ஏன் சேறு வாரிப் பூசிக்கிறீங்க? பொம்பள ஓட்டுனா இப்படித்தான்னு நாலு பேரு பேசுவான்."

பேசுவார்கள். அந்தக் குழுவில் மூன்றே பெண்கள். பதினாறு வருடமாக அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்காமல் ஓட்டியிருக்கிறேன். அந்தப் பேரைத்தான் காப்பாற்றினேன் போலிருக்கிறது, ஒருத்தன் சோற்றில் மண்ணைப் போட்டு.

6 ஏப்ரல், ஞாயிறு

எழுதிவிட்டேன். மஞ்சள் கோட்டின் படம், டயரின் எண், என் பழைய நோட்டின் அந்தப் பக்கம், மூன்றையும் போட்டு:

"நவம்பர்ல முஸ்தஃபா வேலை சரியில்லன்னு நான் எழுதினது பொய். அவர் போட்ட நட்டு ஒண்ணுகூட அசையல. பின் டயர மாத்தச் சொன்னார், நான் கேக்கல. வளைவுல பயந்து கால எடுத்தேன், காடி சுத்திருச்சு. என் தப்ப அவர் தலையில போட்டேன். அத நம்பி அவர்கிட்ட போகாம இருந்தவங்க எல்லாருக்கும் சொல்றேன்: நல்ல கைய விட்டுட்டீங்க, என்னால."

அனுப்பிவிட்டுப் போனைச் சமையலறையில் வைத்துவிட்டு வந்தேன்.

7 ஏப்ரல், திங்கள்

தயாளன் சொன்ன நாலு பேர் நாற்பது பேர் ஆனார்கள். "லைசன்ஸை லாட்டரியில் எடுத்தீங்களா?" என்று ஒருவன். வலித்தது, மறைப்பானேன். நடுவில் அர்ஜுனன் அண்ணன் எழுதியிருந்தார்: "கோட்ட என் கண்ணால பாத்தேன். இந்தப் பையன் என்கிட்ட வந்தா இடம் இருக்கு." மத்தியானம் தயாளன் முஸ்தஃபாவைத் திரும்பச் சேர்த்தார். அவன் ஒரு வார்த்தை எழுதவில்லை.

20 ஏப்ரல், ஞாயிறு

நூருல் ஒரு படம் அனுப்பினாள். அர்ஜுனன் அண்ணனின் பட்டறையில் முஸ்தஃபா, காருக்கு அடியில், கால் மட்டும் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் டிப்போவிலிருந்து நேரே அங்கே போகிறானாம்.

4 மே, ஞாயிறு

அலைன்மென்ட் பார்க்க ஜெலுத்தோங் போனேன். அவன் இருப்பான் என்று தெரிந்தேதான் போனேன்.

முஸ்தஃபா கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். காரின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் அமுக்கிவிட்டுப் பார்த்தான். "யாரு இவ்ளோ ஹார்டா வச்சது?"

"நான்தான்டா," என்றார் அண்ணன். "வளைவுல ஆடக் கூடாதுன்னு அக்கா ஆர்டர்."

"அண்ணே, ரேஸ் சர்க்கிட்டுக்கு இது ஓகே. மலையில ரோடு ஈரமா இருந்தா டயரு ஒட்டாம குதிக்கும். ஆடட்டும், கொஞ்சம் ஆடினாத்தான் புடிக்கும்." பிறகு என் பக்கம் திரும்பாமலே, "மலையில வச்சுத்தான்கா செட் பண்ணணும். வேல முடிஞ்சதும் போலாம்," என்றான்.

எந்த மலை என்று நான் கேட்கவில்லை.

தெலுக் பஹாங்கிலிருந்து அவன் ஓட்டினான். மத்தியான மழை பெய்து ஓய்ந்திருந்தது. இரண்டு இடத்தில் நிறுத்தி, இறங்கிப் போய், பின் அப்சார்பரின் திருகை நான்கு கிளிக், அப்புறம் இரண்டு கிளிக் தளர்த்தினான். அந்த வளைவில் நான் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கார் லேசாகச் சாய்ந்து, ரோட்டைப் பிடித்துக்கொண்டு போனது. பாலிக் பூலாவில் ஆளுக்கொரு தே தாரேக் குடித்தோம். காசு கொடுக்கப் போனேன், அவன் முந்திக்கொண்டான். வெளியே வந்ததும் சாவியை என்னிடம் நீட்டினான்.

"நீங்க ஓட்டுங்க. பின்னாடி என்ன செய்யுதுன்னு நான் உக்காந்து பாக்கணும்."

"தம்பி, அந்த ரோட்ல நான் அதுக்கப்புறம்..."

"தெரியும்கா. கால மட்டும் சட்டுனு எடுத்துராதீங்க."

லோகேஸ் உட்கார்ந்திருந்த அதே சீட்டில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டான். மெதுவாக ஏறினேன். உள்ளங்கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. ரோடு இன்னும் காயவில்லை. எதிரே ஒரு வேன் வந்து போனது. அடுத்தது அந்த வளைவு. இது வரைக்கும் எப்படி இருக்கு என்று கேட்கலாம் என்று திரும்பினேன்.

தலையைக் கண்ணாடியில் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு, தூங்கிக்கொண்டிருந்தான். விடியற்காலை மூன்று மணிக்கு டிப்போவுக்குப் போனவன்.

காலை எடுக்கவில்லை. வளைவு முடிந்தது. அவனை எழுப்பாமல் கீழே தெலுக் பஹாங் வரை ஓட்டிக்கொண்டு வந்தேன்.