கிருமி பட்டினியில் சாகவில்லை, மணி

நினைத்தாலே அன்பும் ஆத்திரமும் ஒன்றாக வருகிற என் தம்பி மணிக்கு,

திருநின்றவூரில் நீ சுவர் எழுப்பிய வீடுகளின் மேல் இப்போது டி.வி. ஆன்டெனா நிற்கிறது. நீ சுவருக்கு மட்டம் பார்த்த ரசமட்டத்தை உன் பெண்டாட்டி கஸ்தூரி இன்னும் பரண்மேல் வைத்திருக்கிறாள். உனக்கு வந்த அதே டி.பி. அவளுக்கும் வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உனக்கு மாத்திரையில் இருமல் நின்று உடம்பில் சதை பிடித்ததும், ஆடியில் தீமிதிக்கக் காப்புக் கட்டிக்கொண்டாய். காப்புக் கட்டியவன் நம் தெருவில் ஒருவேளைதான் சாப்பிடுவான், மருந்தைத் தொடமாட்டான். வேண்டாம் என்றேன். சித்தாள்கள் முன்னால் என்னைக் கிண்டல் செய்தாய்.

"இன்னாக்கா, நீ எப்போ டாக்டரம்மா ஆன? நானும் பட்டினி, கிருமியும் பட்டினி. யாரு ஜெயிக்கிறாங்கன்னு பாப்போம்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. தீமிதித்து வந்தாய், மாலை போட்டார்கள். அதன்பிறகும் மாத்திரையைத் தொடவில்லை. பொங்கலுக்கு முன்பே ரத்தமாக இருமினாய். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது காலம் கடந்திருந்தது.

இப்போது பதில் தெரியும். கிளை நூலகத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். புரியாததைக் கஸ்தூரியைப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் கேட்டேன். சலித்துக்கொண்டார், நான் நகரவில்லை.

அந்தக் கிருமிக்கு மெழுகு பூசினதுபோல ஒரு சுவர் உண்டாம். வளரும்போது புதுச்சுவர் கட்டியாக வேண்டும். உன் மாத்திரைகளில் ஒன்று அந்தக் கட்டு வேலையைத்தான் நிறுத்துகிறது. சுவர் இல்லாமல் கிருமி சாகிறது. ஆனால் நெஞ்சுக்குள் சத்து கிடைக்காத மூலையில் சிக்கிய கிருமி வளராது, கட்டவும் கட்டாது. நீ கொத்தனார், உனக்குச் சொல்ல வேண்டுமா? மணலும் சிமென்டும் வராத நாளில் வேலையை நிறுத்த ஒருத்தன் வந்தால் எதை நிறுத்துவான்? கிருமி பழைய சுவருக்குள் சுருண்டு கிடக்கும். சரக்கு வந்ததும் மறுபடி ஆரம்பிக்கும். அப்படிப் படுத்துக் கிடப்பதையும் பிடிக்கத்தான் வேறு மாத்திரைகளும், அத்தனை மாதமும். உன் பட்டினி உன்னைத்தான் தின்றது.

இதை அன்று ஒருத்தராவது சொன்னார்களா? மாத்திரையை நிறுத்தாதே, நிறுத்தாதே என்று ஆஸ்பத்திரியில் விரட்டினார்கள். ஏன் என்று சொல்லியிருந்தால் அந்தச் சித்தாள்கள் முன்னாலேயே உன் வாயை அடைத்திருப்பேன். அப்போதாவது கேட்டிருப்பாயா?

கஸ்தூரிக்கு இருமல் நின்றுவிட்டது. அதனால்தான் எனக்குப் பயம். குணமானால் தீமிதிக்கிறேன் என்று வேண்டிக்கொண்டிருக்கிறாள். வரும் ஞாயிறு காப்புக் கட்டு. சுவர் சமாசாரத்தை முழுக்கச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"எல்லாம் புரியுது அண்ணி. ஆனா ஆத்தாகிட்ட வாய் உட்டுட்டனே. அந்த வேண்டுதல யாரு தீக்கிறது?"

இதற்கு எந்தப் புத்தகத்தில் பதில் தேடுவது? திட்டிப் பார்த்தேன். அழுதும் பார்த்தேன். அவள் அசையவில்லை. கடைசியில் வெறுத்துப்போய், "நான் மிதிக்கிறேன், நீ மாத்திரய முழுங்கு" என்று சொல்லிவிட்டேன். உடனே பூசாரியிடம் கேட்டு வந்தாள். குடும்பத்தில் ஒருத்தர் மிதித்தால் போதுமாம்.

எந்த மஞ்சள் கயிற்றைக் கட்டாதே என்று உன்னிடம் கெஞ்சினேனோ, அதையே ஞாயிறன்று நான் கட்டிக்கொள்ளப் போகிறேன். இந்த வயதில், இந்த முழங்காலோடு. சிரிக்காதே, மணி.

காப்பு அவிழ்க்கும்வரை தினமும் காலையில் பசியோடு அவள் எதிரே உட்கார்ந்திருப்பேன். அவள் மாத்திரையை விழுங்கி, வாயைத் திறந்து காட்டி, பிறகு இட்லி தின்று முடித்தபின்தான் எழுந்திருப்பேன். காப்பு அவிழ்த்த பிறகும், டாக்டரம்மா போதும் என்கிறவரை, என் இடம் அதுதான். இந்த முறை பட்டினி கிடக்கப்போவது நான். அவள் இல்லை.

உன்னோடு இன்னும் வாதாடி முடிக்காத உன் அக்கா,
சரோஜா