வெளிப்பக்கம் மடங்கிய தகடு

மார்ச் 3, செவ்வாய்

காலை முழுக்க ஒரு சரக்குக் கப்பலின் வயிற்றுக்கடியில் நின்றேன். மழை வேறு. பாறையில் மோதியதா, இன்னொரு கப்பல் இடித்ததா என்று காப்பீட்டுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டும். மாலுமிகள் பொய் சொல்வார்கள், இரும்பு சொல்லாது.

வீட்டுக்கு வந்தால் இவர் தரையில் நிற்கவில்லை. விண்வெளித் தொடரில் இவர் எழுதிய பாகத்துக்குப் படப்பிடிப்பு தொடங்கிவிட்டது. இத்தனை வருஷம் குடும்பத் தொடர்களுக்கு யார் யார் பெயரிலோ எழுதிக் கொடுத்தவர். முதல் தடவையாக இவர் பெயர் திரையில் வரப்போகிறது. அத்தை அதற்குள் மாடிக்கும் கீழுக்குமாகத் தம்பட்டம் அடித்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை என்னையும் அரங்குக்குக் கூட்டிப் போகிறாராம்.

மார்ச் 8, ஞாயிறு

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

கதைப்படி, எதிரியின் ஏவுகணை வந்து கப்பலைத் துளைக்கிறது. கேப்டன் பதிலுக்குச் சுடுகிறார். போர் மூள்கிறது. அரங்கில் கப்பலின் சுவரைக் காட்டினார்கள். ஆள் நுழையும் ஓட்டை. சுற்றிலும் தகடு கிழிந்து வெளிப்பக்கமாக மடங்கியிருந்தது. வெளியிலிருந்து அடி விழுந்தால் உள்ளே அல்லவா மடங்க வேண்டும்? எனக்கு விண்வெளி தெரியாது, தகடு தெரியும்.

"இது உள்ளேருந்துல்ல வெடிச்சிருக்கு!" என்றேன். இயக்குநர், நடிகர்கள், விளக்குக்காரர்கள், எல்லோர் காதிலும் விழுந்தது. யாரோ சிரித்தார்கள். நடிகர்களைக் கிழித்துவிடக் கூடாதென்று வெளியே மடக்கினார்களாம். அதுவும் நியாயம்தான். ஆனால் பாதிப் படம் எடுத்தாயிற்று, எல்லாக் காட்சியிலும் அந்த ஓட்டை.

வண்டியில் இவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "வீட்ல வந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

மார்ச் 9

பேச்சு இல்லை. சாப்பாடு மட்டும் நடந்தது.

மார்ச் 11, புதன்

கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்பார்கள். கவிழ்ந்த கப்பல்களைப் பார்ப்பதே பிழைப்பாக இருக்கிற எனக்கு, இவர் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முடியவில்லை. ஏதாவது வழி கண்டுபிடி என்று இயக்குநர் இவர் தலையில் கட்டிவிட்டார்.

"யாருங்க கவனிக்கப் போறா? விடுங்க."

"நீ கவனிச்சியே. இப்ப எனக்கும் அது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியுது."

நான் ஏன் இப்படி இருக்கிறேன்? ஒரு நாள், ஒரே ஒரு நாள், மனைவியாக மட்டும் போயிருக்கக் கூடாதா...

மார்ச் 14, சனி

இன்று அவராகவே கேட்டார். "உள்ளேருந்து வெடிச்சா, எது வெடிக்கும்?"

ஆக்சிஜன் தொட்டி, என்றேன். அழுத்தம் ஏறி வால்வு அடைத்திருந்தால் போதும். சுவர் வெளியே பிதுங்கிக் கிழியும். காற்று போனதும் தீ தானாகவே செத்துவிடும். பிய்ந்து பறந்த துண்டு நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும், தடுக்கத்தான் அங்கே ஒன்றுமில்லையே.

சாப்பிட்டுக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. "அப்ப எதிரி சுடவே இல்ல."

"இல்ல."

"ஆனா கேப்டன் திருப்பிச் சுட்டுட்டான். அந்தக் கப்பல்ல இருந்தவங்க செத்துட்டாங்க."

பிறகு, தகட்டைப் பார்த்து உண்மையைக் கண்டுபிடிக்கும் இன்ஜினியர் பெண் ஒருத்தியை அவர் உண்டாக்கினார். "அவ இத கேப்டன்கிட்ட எப்படிச் சொல்லுவா?"

"தனியாக் கூப்பிட்டுச் சொல்லுவா," என்றேன், வெட்கத்தோடு.

"அடுத்த குண்டு போடப் போறாங்க. தனியாக் கூப்பிட ஏது நேரம்? எல்லார் முன்னாடியும்தான் சொல்லியாகணும்."

அதைச் சொன்னபோது என்னைப் பார்க்கவில்லை. எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

மார்ச் 20, வெள்ளி

இயக்குநருக்குப் பிடித்திருக்கிறது. சேனலுக்குப் பிடிக்கவில்லை. அடுத்து வருகிற பாகமெல்லாம் போர்தானே, எதிரி நிரபராதி என்றால் யாரோடு சண்டை போடுவது? ஏவுகணை என்றே எழுதிக் கொடு, இல்லாவிட்டால் வேறு ஆள் எழுதுவார் என்று சொல்லிவிட்டார்கள். ஓட்டையைப் புகை விட்டு மறைப்பார்களாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. காற்றே இல்லாத இடத்தில் புகை எப்படிச் சுருண்டு நிற்கும்?

இதை மட்டும் வாயை விட்டுச் சொல்லவில்லை. "ஏவுகணைன்னே எழுதிக் குடுத்துடுங்க," என்றேன். நானா சொன்னேன்! ஆமாம், நான்தான். அவர் பெயர் திரையில் வர வேண்டும், எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.



மார்ச் 21

காலையில் இவர் சேனலுக்கே போய், ஏவுகணை என்று எழுத முடியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

மே 16, சனி

இன்று அந்தப் பாகம் ஒளிபரப்பானது. இவர் மறுபடியும் குடும்பத் தொடர் எழுதப் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பார்க்க வேண்டாம் என்றேன். பார்க்கலாம் என்று அவரே டிவியைப் போட்டார். ஏவுகணை வந்தது, புகை வந்தது, கேப்டன் சுட்டார். எழுத்து என்று வேறொருவர் பெயர் போட்டார்கள்.

அத்தை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "உன் பேரு எங்கடா? கண்டிப்பா வரும்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டேனே!"

"அது நான் எழுதினது இல்லம்மா," என்று சொல்லிவிட்டு இவர் தண்ணீர் குடித்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நானே பொய் எழுதிக் குடுங்கன்னு கெஞ்சினேன் அத்தை. இவர்தான் முடியாதுன்னுட்டார்," என்றேன். அத்தையோடு சேர்ந்து படம் பார்க்க வந்த மாடிவீட்டுக்காரர்களும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். இருக்கட்டும்.