என்னை நம்பித்தான் இருக்கிறீர்கள் என்று கையெழுத்துப் போடுங்கள்

தாராவி,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள அம்மாவுக்கு,

ஸ்தோத்திரம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எனக்குத் தலைவலி, காரணம் நீங்கள். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே வைத்துவிடுகிறீர்கள், அதனால் எழுதுகிறேன்.

உங்கள் முழங்கால் ஆபரேஷனுக்காகத்தானே கம்பெனி இன்ஷூரன்ஸில் உங்கள் பெயரைச் சேர்க்கப் படிவம் அனுப்பினேன்? 'மகனை நம்பி வாழ்கிறேன்' என்ற வரியை அடித்துவிட்டு, 'பீடி சுற்றிப் பிழைக்கிறேன், யாரையும் நம்பி இல்லை' என்று எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்! ஆபீஸே சிரித்தது.

"பிரைட்டன், அம்மா உன் டிபெண்டன்ட்னு நீதான் எஸ்டாப்ளிஷ் பண்ணணும்," என்கிறார் எங்கள் ஆபீஸ் பத்மஜா மேடம். டிபெண்டன்ட் என்றால் நம்பி இருப்பவர், எஸ்டாப்ளிஷ் என்றால் நிறுவுவது. வாசல் பலகையில் கம்பெனி தொடங்கிய வருஷத்துக்கு முன்னால் அதே சொல்தான் இருக்கிறது. கம்பெனியை நிறுவுவது சுலபம் போலிருக்கிறது. உங்களை நிறுவத்தான் என்னால் முடியவில்லை.

புதுப் படிவம் இதோடு வைத்திருக்கிறேன். இருபதாம் தேதி கடைசி. கையெழுத்து மட்டும் போதும், கட்டுரை வேண்டாம். கூடவே குழம்புப் பொடி அனுப்புங்கள்; இங்கே வாங்குவதை வாயில் வைக்க முடியவில்லை. போன வாரம் லேசாகக் காய்ச்சல். நீங்கள் போனில் சொல்லச் சொல்ல வைத்தேனே, அந்தக் கஞ்சியின் அளவையும் எழுதுங்கள். மறந்துவிட்டது.

மேடம் கூப்பிடுகிறார். பொய்க் கையெழுத்து என்று மனசு உறுத்தினால், அந்த வரியை 'அம்மாவை நம்பி வாழ்கிறேன்' என்று நான் எழுதியதாக நினைத்துப் போடுங்கள். அது பொய்யில்லை.

பிரைட்டன்