பாண்டி பேரில் போன மொய்

சித்திரை 1, செவ்வாய்

விடியும்போதே புழுக்கம். இலை அசையவில்லை. ஆட்டுக் கொட்டில் கூட்டி முடிக்க மணி எட்டு. குளித்து, சாமி கும்பிட்டு, நோட்டை எடுத்தேன்.

வருடம் பிறக்கிற நாளில் என்னிடம் என்ன இருக்கிறது என்று எழுதுவது. வீட்டுக்காரர் இறந்த வருடம் தொடங்கியது, இது பத்தொன்பதாவது தடவை. முதல் பக்கத்தில் ரொக்கம் 1,200, ஆடு 2. வேறு ஒன்றும் இல்லை.

இன்று:
தபால் ஆபீஸ் – 1,40,000
பேங்க் – 23,650
ஆடு 11, உருப்படி ஏழாயிரம் – 77,000
மிளகாய் வற்றல் 75 கிலோ, விலை ஏறட்டும் என்று வைத்திருப்பது – 13,500
மொய், ஊரில் நிற்பது – 2,86,500
ஆக – 5,40,650

நகை எழுதவில்லை. விற்காத பொருளுக்கு விலை எதற்கு?

போன வருடம் 4,92,300. கூடியது 48,350. படித்தது ஐந்தாம் வகுப்பு, ஆனால் கூட்டல் இன்றுவரை தப்பியதில்லை.

மற்றவர்கள் சீட்டுப் போட்டார்கள். சீட்டுக்காரன் ஓடினான். மொய் எங்கே ஓடும்? கிடா விற்ற காசு, வற்றல் விற்ற காசு, எல்லாம் கல்யாணம், காதுகுத்து என்று ஒரு வீடு விடாமல் எழுதி வைத்திருக்கிறேன். நான் ஒரு விசேஷம் வைத்தால் அத்தனையும் திரும்ப வரும். அது தை மாதம். பழைய ஓடுகளைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் தளம், குடிபுகுதல், ஊருக்குக் கறிச்சோறு. கொத்தனார் சொன்னது நாலு லட்சம். பாதி வேலை நடக்கும்போது, மீதி விசேஷம் முடிந்த மறுநாள். அட்வான்ஸ் 10,000 போன மாதமே கொடுத்தாயிற்று. வெள்ளிக்கிழமை அளக்க வருகிறார்.

வீடு நன்றாக இருந்தால் மதுரைக்கு வா, மதுரைக்கு வா என்று பாண்டி கூப்பிட முடியாது. மகன் வீட்டில் போய் மூலையில் டி.வி. பார்த்துக்கொண்டு உட்கார என்னால் ஆகாது.

பாண்டி போன் இல்லை. மருமகள் மட்டும் வாட்சப்பில் மாம்பழத் தட்டு படம் அனுப்பியிருக்கிறாள். அதைத் தின்ன முடியுமா?

சித்திரை 2, புதன்

சின்னக் குட்டிக்குக் கழிச்சல். வசம்பு கொடுத்தேன்.

பத்து மணிக்கு மேலத்தெரு கண்ணாத்தா பத்திரிகையோடு வந்தாள். பேரனுக்குக் காதுகுத்து, வருகிற 13ஆம் தேதி ஞாயிறு. மோர் கொடுத்துவிட்டு விளையாட்டாகச் சொன்னேன்:

“தையில எனக்கும் விசேஷம் இருக்கு. பன்னெண்டாயிரத்த எடுத்து வையி.”

“எந்தப் பன்னெண்டாயிரம் மதினி?”

“நான் உனக்கு எழுதுனது.”

“அதத்தான் மதுரையில பாண்டி புது வீட்டுக்குப் பால் காச்சயில செஞ்சிட்டமே! மேல ஆயிரம் வச்சுப் பதிமூணா.”

“அது அவனுக்குப் புது மொய்யில்ல?”

“என்ன மதினி பேசுறீக? எங்க நோட்டுல பாண்டி பேருதான இருக்கு. உங்க பேரு எங்கன இருக்கு?”

வீட்டுக்குப் போய் நோட்டை எடுத்து வந்து காட்டினாள். ‘சண்முகம் மகன் பாண்டி’. நாலு விசேஷம், நாலு இடத்திலும் அதே.

எனக்குத் தெரியாததா? நான் சொல்லி எழுதியதுதானே. பொம்பளை பேரில் மொய் எழுதும் பழக்கம் இங்கே இல்லை. அவர் இருந்தவரை அவர் பேர், பிறகு மகன் பேர். பேர்தானே, காசு என்னுடையது என்று நினைத்தேன். காசு பேரோடு போகும் என்று நினைக்கவில்லை.

போன தையில் பாண்டியின் அந்த விசேஷத்துக்கு மதுரை மகாலில் வாசலில் சந்தனம் குங்குமத்தோடு நின்றது நான். மூன்று வேனில் வந்து இறங்கினார்கள் ஊர்க்காரர்கள். மொய் மேசையில் வரிசை வாசல் வரை. “எங்க ஊருக் கூட்டத்தப் பாத்தீகளா?” என்று சம்பந்தியம்மாளிடம் பீற்றிக்கொண்டேன். என் காசை எண்ணுவதைப் பார்த்துத்தான் அப்படிச் சிரித்திருக்கிறேன்.



சித்திரை 3, வியாழன்

பாண்டிக்குப் போன் போட்டேன். எடுத்தவன் முதலில் கேட்டது, வற்றல் விற்றாச்சா என்று.

“மொய்க்காசு என்னுதுன்னு உனக்குத் தெரியுமாடா?”

“எல்லாம் ஒரே வீடுதானம்மா.”

“எந்த வீடு? மழை பேஞ்சா ஒழுகுற வீடா, நீ டைல்ஸ் ஒட்டுன வீடா?”

“என் பேருல இருந்துச்சு, என் விசேஷத்துக்கு வந்துச்சு. வராதீங்கன்னா சொல்ல முடியும்? தனியா அங்கன என்னத்துக்கு மாடி? ஆட்ட வித்துட்டு இங்கன வந்து இரு.”

தெரிந்திருக்கிறது. வேனுக்கு வாடகை கொடுத்து ஆள் கூட்டிப் போனபோதே தெரிந்திருக்கிறது. ச்சீ. பத்து மாதம் சுமந்ததை நினைத்தால் வயிற்றைக் கழுவ வேண்டும் போல இருக்கிறது.

பிற்பகல் அவன் மகள் காவ்யா பேசினாள். பி.காம். இரண்டாம் வருடம், கணக்கில் என்னைக் கொண்டு பிறந்தவள். அந்த மொய்ப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதே அவள்தானாம். வாசிக்கச் சொன்னேன். அவள் ஒவ்வொரு பேராக வாசிக்க, நான் நோட்டில் ஒவ்வொன்றாக அடித்தேன். ஒரு மணி நேரம். வராதவர்கள் ஆறே வீடு. போனது 2,41,000. நிற்பது 45,500.

கடைசியில் மெதுவாகக் கேட்டாள், “அப்பத்தா, அப்ப இது உங்க காசா?”

“உங்க அப்பன்ட்ட கேளு.”

திருத்திய ஆக: 2,99,650. நோட்டைப் புரட்டினேன். ஏழு வருடம் முன்னால் இருந்ததற்கும் கீழே.

சித்திரை 4, வெள்ளி

காற்று வந்தது, மண்ணோடு. கொத்தனார் முனியசாமியும் வந்தார். டீ இரண்டு தடவை. அளந்தார். தளம் முழுசுக்கும் இல்லை என்றேன்.

“அட்வான்ஸுக்குக் கம்பி வாங்கிப் போட்டாச்சே ஆத்தா. இப்பச் சொல்றீகளே!”

“ஒரு அறைக்கு எம்புட்டு?”

பென்சிலைக் காதில் இருந்து எடுத்துச் சுவரிலேயே கணக்குப் போட்டார். ஒன்றரை லட்சம். அட்வான்ஸ் போக 1,40,000. தபால் ஆபீஸ் பணம் துடைத்தாற்போல் சரியாகிவிடும். பத்தொன்பது வருடத்துக்கு ஒரு அறை.

“போடுங்க” என்றேன். மதுரை போவதற்கு இது மேல்.

காஸ் சிலிண்டர் வந்தது. சிலிண்டர்காரனும் இருபது ரூபாய் கூடக் கேட்டான். கொடுக்கவில்லை.

சித்திரை 6, ஞாயிறு

ஆறு வீட்டுக்கும் நடந்தேன். நிற்கிற மொய்யை என் பேருக்கு மாற்றச் சொல்லி. செருப்பு வார் அறுந்தது. ஐந்து பேர் மாற்றினார்கள், நான் பக்கத்தில் நிற்கும்போதே.

கருப்பையா மட்டும் நோட்டை மூடி வைத்தான். “ஆம்பளப் புள்ள இருக்கயில எப்புடி ஆத்தா? நாளைக்குப் பாண்டி வந்து சட்டையப் பிடிப்பான்.”

“அவன் மதுரையில இருக்கயில நான் கிடா வித்து எழுதுன மொய்யிடா அது.”

பல்லைக் காட்டினான். வாயெல்லாம் வெற்றிலை. அந்த 8,000 போனது போல்தான். நிற்பது 37,500. ஆக 2,91,650.

சித்திரை 9, புதன்

குட்டி பிழைத்துக்கொண்டது. செங்கல் இறங்கியது. எண்ணினேன், பதினாறு குறைவு. கேட்டதும் வந்துவிட்டது. அந்நியனிடம் கேட்டால் வருகிறது.

சித்திரை 13, ஞாயிறு

வெயில் தாங்கவில்லை. கிளம்பும்போது பாண்டியின் குரல் வாட்சப்பில். இத்தனை நாள் கழித்து.

“யம்மா, கண்ணாத்தா அத்தை வீட்டுல என் பேருல ஒரு ரெண்டாயிரம் எழுதிரு. அப்புறம் தாரேன்.”

இரண்டு தடவை போட்டுக் கேட்டேன். வெட்கம் என்று ஒன்றைக் கடவுள் எல்லாருக்கும் வைக்கவில்லை.

மொய் எழுதுகிற பையன் என்னைக் கண்டதுமே எழுத ஆரம்பித்துவிட்டான். “சண்முகம் மகன் பாண்டி... எம்புட்டு ஆத்தா?”

“அதை அடி.”

“பெறகு?”

“அழகம்மாள்.”

“யாரு வீட்டுலன்னு சொல்லுங்க.”

“அழகம்மாள் வீட்டுல.”

பின்னால் ஒருவன், “ஆத்தா, வெயில் மண்டையப் பொளக்குது. எதையாச்சும் எழுதச் சொல்லிட்டு நகருங்க.”

“பத்தொன்பது வருசமா எதையாச்சும்தான் எழுதச் சொன்னேன் தம்பி.”

எழுதினான். மைக்கில், “பாண்டி அவர்களின் தாயார், ஐநூற்றி ஒன்று.” மேசையை விட்டு நான் நகரவில்லை. வரிசை பந்தல் வரை நின்றது. கண்ணாத்தா ஓடி வந்து மைக் பிடித்தவனிடம், “ஏலே, அவுக பேரச் சொல்லுலே, பந்தி நிக்கிது!” என்று கத்தினாள். மறுபடி சொன்னான், “அழகம்மாள், ஐநூற்றி ஒன்று.” சிலர் திரும்பிப் பார்த்தார்கள். கருப்பையாவும்.

கறி வேகவில்லை. ரசம் பரவாயில்லை.

நோட்டில்: மொய் – 501. அழகம்மாள்.

பாண்டியின் இரண்டாயிரம் எழுதவில்லை. போன் அடிக்கிறது. அடிக்கட்டும்.