வரம்பில் நிற்கும் ஆள்

கல்முனைக்குடி
14.11.2004

அன்பின் கேதீஸ்வரிக்கு,

அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். நீயும் உன் வீட்டுக்காரர் தவராசா அண்ணனும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் வயல் படத்தை நம் ஓவிய வட்டத்தில் வைத்துப் பார்த்தோம். அப்துல் ஸமட் சேர், "பச்சை முழுக்க ஒரே பச்சையாக் கிடக்கு. தூரத்து வயலுக்குக் கொஞ்சம் நீலம் கலக்கச் சொல்லுங்க" என்றார். சரிதான். வானமும் பாரம். எனக்குப் பட்ட குறை வேறு. அவ்வளவு பெரிய வயலில் ஒரு மனிசர் இல்லை. கண் எங்கே போய் நிற்பது? வயல் வரம்பில் அண்ணனை நிறுத்திக் கீறு. கோபிக்காதே. உங்கள் பக்கம் படிப்பிக்க வரும் முனவ்வறா டீச்சரிடம் படத்தைக் கொடுத்துவிடுகிறேன்.

உன்
சுல்பிகா

திருக்கோவில்
12.12.2004

அன்பின் சுல்பிகா,

படம் வந்தது. நீலம் கலந்தேன்; தூரத்து வயல் தானாகப் பின்னுக்குப் போய்விட்டது. சேரிடம் சொல். கோபமெல்லாம் இல்லை, கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

இவரை வரம்பில் நிற்கச் சொன்னால், "வேளாண்மைக்குத் தண்ணி பாக்கிறதா, உனக்குப் பொம்மையா நிக்கிறதா?" என்கிறார். நேற்று ஒருவாறு நின்றார். நின்றவர் வாயை மூடவில்லை. எனக்குச் சிரிப்பு வந்து கை ஆடியது. "போங்க, தை பிறக்கட்டும், ஆறுதலாக் கீறுறன்" என்று அனுப்பிவிட்டேன். படம் வயல் வாடிக் குடிசையில் காய்கிறது.

அன்புடன்
கேதீஸ்

முகாம், தம்பிலுவில்
20.03.2005

அன்பின் சுல்பிகா,

உன் உம்மாவையும் கடல் கொண்டுபோன செய்தியை முனவ்வறா டீச்சர் சொன்னார். என்ன எழுதுவது, சொல்.

இவர் அன்று காலை மீன் வாங்கக் கடற்கரைக்குப் போனவர். உடலைப் பிறகு எடுத்தார்கள். முகத்தை என்னைப் பார்க்க விடவில்லை. வீட்டோடு போட்டோக்களும் போய்விட்டன, கலியாணப் படம்கூட இல்லை. வாடியில் இருந்ததால் வயல் படம் மட்டும் மிஞ்சியது.

வரம்பில் நின்ற மனிசனைக் கீறாமல் நான் அனுப்பியிருக்கக் கூடாது. இப்போது தூரிகையை எடுத்தால் கை வருவதில்லை. ஆட்களைக் கீறுவதில் நாம் படித்த கலாசாலையிலேயே நீதான் கெட்டிக்காரி. அவரை எத்தனையோ தரம் கண்டும் இருக்கிறாய். வரம்பில் அவரை நிறுத்தித் தா. படத்தை டீச்சர் கையில் அனுப்புகிறேன்.

கேதீஸ்

கல்முனைக்குடி
07.08.2005

அன்பின் கேதீஸ்,

பயந்து பயந்துதான் தொட்டேன். முதலில் கீறியபோது அண்ணன் ஒரு பக்கம் சரிந்து நின்றார். வட்டத்தில் பார்த்தவர்கள், "ஆள் விழப்போற மாதிரி இருக்கு" என்றார்கள். நிமிர்த்தினேன். தோளில் மண்வெட்டி வைத்து, முகத்தில் வெயிலை விழ விட்டேன். பிறகு எல்லோரும் மெச்சினார்கள். உம்மா இருந்திருந்தால் ஏசியிருப்பா: "மவுத்தாகி மண்ணுக்குப் போனவருக்கு உரு குடுக்க நீ ஆரு புள்ள?"

பிழை இருந்தால் மறைக்காமல் எழுது.

உன்
சுல்பிகா

திருக்கோவில்
21.06.2009

அன்பின் சுல்பிகா,

சண்டை முடிந்துவிட்டது என்கிறார்கள். நீ இத்தனை காலமும் எழுதிய கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. நம் ஊர்களுக்குள் இருந்த சச்சரவால்தான் நான் பதில் போடவில்லை என்று நினைத்திருப்பாய். அது இல்லை.

அவர் நிமிர்ந்து நிற்கிற மனிசன் இல்லை. சரிந்துதான் நிற்பார், கதைக்கும்போது இன்னும் சரிவார். நீ முதலில் கீறியவர்தான் அவர். அன்றே எழுதியிருந்தால் மாற்றியிருப்பாய். நீ பட்ட பாட்டை நினைத்து எழுதாமல் விட்டேன். சுவரில் மாட்டினேன். வருகிறவர்கள் எல்லாம் நல்ல படம் என்றார்கள். நல்ல படம்தான்.

அதைப் பார்த்துப் பார்த்து, இப்போது கண்ணை மூடினால் உன் ஆள்தான் வருகிறார். என் மனிசன் எப்படிக் கூப்பிட்டும் வருவதில்லை. சுரண்டுவோம் என்று கத்தியை எடுத்தேன். அந்த முகத்தில் வைக்க மனம் வரவில்லை.

படத்தை உனக்கே அனுப்புகிறேன். வட்டத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். உன்னில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கொஞ்சக் காலத்துக்கு எனக்கு எழுதாதே. அவர் திரும்பி வருகிறாரா என்று பார்க்கிறேன்.

கேதீஸ்வரி