எண்ணெய் ஜாஸ்தியான வார்

பாய்,

இன்று காலை பீரோ மேலிருந்த பையை இறக்கித் தரச் சொல்லி எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். ஜிப்பைத் திறந்ததும் மனிதர் மூக்கைப் பொத்திக்கொண்டார். "இன்னா சார், உள்ளே மீன் கீன் செத்துக் கெடக்குதா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே சுருண்டு கிடந்தது நீங்கள் எனக்குச் செய்துகொடுத்த இடுப்பு வார். மூன்று வருஷம் ஆகியும் அந்த மீன் எண்ணெய் வாசனை போகவில்லை.

பையை எதற்கு எடுத்தேன் என்று கேட்பீர்கள். இன்னும் பத்து நாளில் நான் சிங்கப்பூர் போகவேண்டும். மகள் டிக்கெட் எடுத்துவிட்டாள். சென்னையிலிருந்து விமானம், அங்கே இறங்கியதும் அவளோடும் பேரனோடும் நான்கு நாள் கப்பல். அந்த நான்கு நாளுக்கு மேல் அவளுக்கு லீவு இல்லாததால் கூட்டிப்போக வரமுடியாது, விமானத்தில் நான் தனி. பேரனுக்கு மூன்று வயது. என்னை போனில் மட்டும்தான் பார்த்திருக்கிறான். தாத்தா என்றால் மார்பு வரைக்கும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறானாம். "வர்றீங்க இல்ல?" என்று மூன்று நாளாக மகள் கேட்கிறாள். பிரஷர், மழை, பாஸ்போர்ட் போட்டோ என்று ஏதேதோ சொல்லித் தட்டிக்கழிக்கிறேன். உண்மை என்னவென்றால் பயம். விமானத்தின் வாசலில் சக்கர நாற்காலியை வாங்கிக்கொண்டு போவார்களே, அந்த இடத்தை நினைத்தாலே உள்ளங்கை வேர்க்கிறது. இதை உங்களுக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதுவேன்.

மூன்று வருஷத்துக்கு முன்பு, மும்பையிலிருந்து கிளம்பும் கப்பலுக்கு இரண்டு டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றீர்கள். உங்கள் மகன் உங்களுக்கும் உங்கள் வீட்டம்மாவுக்கும் எடுத்துக்கொடுத்தது. தண்ணீரைப் பார்த்தாலே தலைசுற்றும் என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள். "நீ வா தோஸ்த்" என்றீர்கள். எனக்கு ஐந்து வயதில் போலியோவில் இரண்டு காலும் போனது. உங்களுக்கு சர்க்கரையால் முழங்காலுக்குக் கீழே ஒன்று போனது. நம்மைப்போல் இரண்டு பேர் கடலுக்குப் போவதா என்று கேட்டேன். "ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு கால் இருக்குதே. கப்பல்ல காலு எதுக்கு? நடக்கப் போறது கப்பல்தானே" என்றீர்கள். உங்களுக்குப் பயம் என்பதே கிடையாது என்று அன்று முடிவு கட்டினேன். பக்கத்தில் ஒரு தைரியசாலி இருந்தால் நமக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும் என்ற எண்ணத்தில்தான் சரி என்றேன்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் உங்கள் செயற்கைக்காலைத் தொடையோடு கட்டும் வாரைக் கழற்றி எண்ணெய் போட உட்கார்ந்தீர்கள். கப்பல் ஆடினால் நான் விழாமலிருக்க, நாற்காலியோடு சேர்த்துக் கட்டிக்கொள்ள ஒரு புது வாரும் செய்தீர்கள். உப்பு, பச்சைத் தோலுக்கு மருந்து, பதப்படுத்திய தோலுக்கு விஷம் என்று டேனரிக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். கடல் காற்றில் தோல் வெடித்துவிடும் என்று முதல் பூச்சு. மறுநாள் இன்னொன்று. வண்டி ஏறுகிற அன்று காலையில் மூன்றாவது. நாற்பது வருஷம் டேனரியில், தோலுக்குக் கடைசி மெருகேற்றும் பினிஷிங்கில் இருந்தவர் நீங்கள். "எண்ணெய் ஜாஸ்தியானா தோலு தொங்கிடும்டா" என்று எத்தனை பேரைத் திட்டியிருப்பீர்கள். அந்தக் கை எப்படி அளவு தவறியது என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை.

சென்னை ஏர்போர்ட்டில் உங்கள் காலைக் கழற்றச் சொன்னார்கள். ஷூவும் சாக்ஸுமாக அது டிரேயில் படுத்துக்கொண்டு மிஷினுக்குள் போனது. "நம்ம ஊரு ஷூ உலகம் பூரா போவுது. இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு" என்றீர்கள். வாசனை தாங்காமல் சோதனைக்காரர் முகம் சுளிக்க, நீங்கள் உருதுவில் ஏதோ சொன்னீர்கள். அவர் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "ஆம்பூர் அத்தர்னு சொன்னேன்."

ஆனால் விமானத்தின் வாசலில் என் சிரிப்பு நின்றுவிட்டது. குறுகலான ஒரு நாற்காலிக்கு என்னை மாற்றி, மார்பிலும் முழங்காலிலும் பட்டை போட்டு, மூட்டையைப்போல உள்ளே கொண்டுபோனார்கள். திரும்பிப் பார்த்தால் என் நாற்காலியை ஒருவர் மடக்கித் தூக்கிக்கொண்டு படி இறங்குகிறார். பாய், அது அவருக்கு சாமான். எனக்கு அதுதான் கால், அதுதான் கக்கூசுக்குப் போகிற வழி, அதுதான் நான். மும்பை வரைக்கும் ஒரு வாய் தண்ணீர்கூட நான் குடிக்கவில்லை. பக்கத்து சீட்டில் நீங்களும் பேசவே இல்லை. தூங்குகிறீர்கள் என்று நினைத்தேன். மும்பையில் எல்லாரும் இறங்கிப் போன பிறகும் நாற்காலி வரவில்லை. காலி விமானத்தில் நாம் இரண்டு பேர். கடைசியில் அது வந்தபோது இடதுபக்க பிரேக் வளைந்திருந்தது. ஒரு பிரேக் போதும், சமாளிக்கலாம் என்று நானே சொன்னேன். யாரையும் தொந்தரவு செய்யக்கூடாது என்ற நம் புத்தி.

கப்பலில் முதல் நாள் நன்றாகத்தான் போனது. நீங்கள் என் நாற்காலியைத் தள்ளினீர்கள். பார்க்கிறவர்களுக்கு நீங்கள் எனக்கு உதவுவதுபோலத் தெரியும். நீங்கள் அதைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தீர்கள் என்பது நமக்குத் தெரியும்.

இரண்டாம் நாள் மதியச் சாப்பாடு முடிந்து நீளமான அந்த நடைபாதையில் வந்துகொண்டிருந்தோம். கடல் முரட்டுத்தனமாக இருந்தது. எதிரே, பாதையின் முடிவில், கீழே இறங்கும் படிகள். கப்பல் ஒருபக்கம் சாய்ந்தது. எனக்குப் பின்னால் தொம்மென்று சத்தம். ஊறிப்போயிருந்த வார் நழுவி, கால் கழன்று நீங்கள் விழுந்துவிட்டீர்கள். நாற்காலி உருண்டது. சக்கரத்தைப் பிடித்தேன், கை வழுக்கியது. வலது பிரேக்கை இழுத்தேன். நாற்காலி சுற்றிக்கொண்டே படியை நோக்கிப் போனது. இடுப்பு வாரும் தொளதொளவென்று தொங்க, நான் முன்பக்கம் சரிந்தேன். கத்தவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. படியின் விளிம்பில் இருந்த பித்தளைப் பட்டை மட்டும் தெரிந்தது.

அப்போது ஏதோ தரையில் சரசரவென்று வந்து சக்கரத்தின் கீழே செருகிக்கொண்டது. நாற்காலி நின்றது. குனிந்து பார்த்தேன். ஷூ போட்ட உங்கள் கால்.

குப்புறப் படுத்தபடியே தள்ளிவிட்டிருக்கிறீர்கள். படிக்கும் எனக்கும் ஒரு ஜாண் இருந்தது. திரும்பிப் பார்த்தபோது நீங்கள் சிரிப்பீர்கள் என்று எதிர்பார்த்தேன். நீங்கள் தரையில் கன்னத்தை வைத்து அழுதுகொண்டிருந்தீர்கள்.

"எம்மேலதான் தப்பு தோஸ்த். பயத்துல எண்ணெயை மேல மேல போட்டுட்டேன்."

"உங்களுக்கா பயம்?"

"பின்ன இன்னா? தனியா வர பயந்துதான் உன்னை இழுத்தாந்தேன். ஏரோப்ளேன்ல கண்ணை மூடிக்கினு துவா ஓதிக்கினு இருந்தேன். நீ தூங்கறேன்னு நெனச்சிருப்பே."

கப்பல் ஆட்கள் ஓடிவருவதற்குள் நாம் இரண்டு பேரும் மாற்றி மாற்றித் திட்டிக்கொண்டோம். தைரியசாலி என்று நம்பி உங்களோடு நான் வந்தேன். படித்தவன், எதற்கும் அசரமாட்டான் என்று நம்பி நீங்கள் என்னை அழைத்துவந்தீர்கள். நல்ல ஜோடி. அன்று சாயந்திரம் டீ குடிக்கும்போது, இனி இந்த வேலையே வேண்டாம், பயம் தெளிந்த பிறகு எங்காவது போகலாம் என்றேன். நீங்கள் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே சொன்னீர்கள்: "பயம் தெளிஞ்சப்புறம்தான் போவணும்னா கபர்ஸ்தானுக்குத்தான் போவணும்."

போன ரம்ஜானுக்கு முந்தின வாரம் அந்த இடுகாட்டுக்குத்தான் போனீர்கள். நானும் வந்தேன் பாய். உள்ளே மண் இளகிக் கிடந்ததால் நாற்காலி போகவில்லை. வாசல் சரிவில் இரண்டு பிரேக்கையும் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்களைத் தோளில் தூக்கிப்போனவர்களின் முதுகுதான் தெரிந்தது. சென்னைக்கே தனியாகப் போகாத மனிதர் நீங்கள். வாசலோடு நான் நின்றுவிட்டேனே என்பது இன்னும் என்னை அறுக்கிறது. அங்கே பயமாக இருந்ததா பாய்? இல்லை, நீங்கள் சொன்னதுபோல அங்கேதான் தெளிந்ததா?

ஊர் திரும்பியதும் இந்த வாரைத் தூக்கிப்போடச் சொன்னீர்கள். எண்ணெய் குடித்த தோல் இனி இறுகாது என்றீர்கள். உங்கள் பேச்சைக் கேட்காமல் வைத்துக்கொண்டேன். பயந்த மனிதர் ஒருவர் இன்னொரு பயந்தவனுக்காக மூன்று முறை தடவிய எண்ணெய் அது. தூக்கிப்போட மனம் வரவில்லை.

மத்தியானம் மகள் மறுபடி கூப்பிட்டாள். "என்னப்பா, என்னதான் சொல்றீங்க?"

"பயமா இருக்கும்மா" என்றேன். அவளிடம் இதுவரை சொல்லாத வார்த்தை. "ரொம்ப பயமா இருக்கு. வர்றேன்."

போனை வைத்துவிட்டு எதிர்வீட்டுக்காரரிடம் ஒரு ஆணியும் சுத்தியலும் வாங்கினேன். வாரில் இருந்த கடைசித் துளையைத் தாண்டி இன்னொரு துளை போட்டுக் கட்டிப் பார்த்தேன். இறுகிக்கொண்டது. விரலில் உங்கள் எண்ணெய் ஒட்டியிருக்கிறது, இந்தக் காகிதத்திலும் பட்டிருக்கும்.