அப்பாவின் மெஷினில் நான் விட்ட மூச்சு

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்கிற வரி மட்டும் இந்தத் தடவை எழுத வரவில்லை. அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒன்பது நாள் ஆகிறது, வலது கையும் காலும் அப்படியேதான் கிடக்கின்றன, பேச்சு குழறுகிறது, நான்தான் ஊட்டுகிறேன், கோபத்துக்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை, ஸ்பூனை இடது கையால் தட்டிவிடுகிறார். போனில் நீ கேட்டாயே, மெஷின்ல தினமும் ஏழு மணி நேரம் காட்டுச்சே, மூச்சு நிக்கறதே இல்லைன்னு வந்துச்சே, அப்புறம் எப்படிம்மா பக்கவாதம் வந்துச்சு என்று. லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

அப்பாவின் குறட்டை உனக்குத் தெரியாததா. ராத்திரி பஸ் ஓட்டிவிட்டு வந்து காலை எட்டு மணிக்குப் படுத்தாரென்றால் பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பார்கள். நடுவில் குறட்டை சட்டென்று நிற்கும், அப்பாடா என்று நானும் கொஞ்சம் கண்ணை மூடுவேன். அது மூச்சே நின்றுபோன நேரம் என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியவில்லை. சிக்னலில் நிறுத்தின பஸ்ஸில் ஸ்டியரிங் மேலேயே தூங்கிவிட்டார் என்று கம்பெனி பரிசோதனைக்கு அனுப்பியபோதுதான் டாக்டர் படம் போட்டு விளக்கினார். தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து வழியை அடைத்துக்கொள்கிறதாம், மணிக்கு நாற்பது தடவை மூச்சு நிற்கிறதாம், ஒவ்வொரு தடவையும் ரத்த அழுத்தம் ஏறி இதயம் அடிவாங்குகிறதாம், மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பினால் வழி திறந்தே இருக்குமாம். நீ உடனே மெஷினை வாங்கி அனுப்பினாய். தினமும் நாலு மணி நேரமாவது போட்டதாக மெஷின் காட்டினால்தான் பஸ், இல்லாவிட்டால் பஸ் கழுவுகிற இடத்துக்கு மாற்றுவோம் என்றது கம்பெனி. கழுவுறதுக்கா முப்பது வருஷம் ஓட்டினேன் என்று அன்றைக்கு அவர் சாப்பிடவே இல்லை.

ஆசையாகத்தான் மாட்டிக்கொள்வார், அரை மணி நேரத்தில் தூக்கத்திலேயே பிடுங்கி எறிந்துவிடுவார், எறிந்ததே அவருக்குத் தெரியாது. பட்டையை இறுக்கிப் பார்த்தேன், தளர்த்திப் பார்த்தேன், எதற்கும் மசியவில்லை. நாலாம் நாள், அவருக்குப் பழகுகிற வரைக்கும் ஒரு வாரம் ஓட்டிவிடலாம் என்று மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற அந்த மாஸ்க்கை எடுத்து நான் மாட்டிக்கொண்டேன். கட்டில் ஓரத்தில் நாற்காலி போட்டு, முகத்தில் குழாயோடு, யானைக்குட்டி மாதிரி உட்கார்ந்து பட்டாணி உரித்தேன், நீ பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். மூன்று மணிக்கு அவர் எழுவதற்குள் மாஸ்க்கை அவர் முகத்தில் திரும்ப வைத்துவிடுவேன். ஏழு மணி நேரம் என்று பார்த்ததும், பாத்தியா, எனக்கே பழகிடுச்சு என்று அவருக்கு அப்படி ஒரு பெருமை. மெஷின் அனுப்புகிற கணக்கை நீ அங்கிருந்து உன் போனில் பார்த்துவிட்டுக் கைதட்டுகிற படம் அனுப்பினாய். டாக்டரும் பிரமாதம் என்றார். எனக்கு மூச்சு ஒழுங்காக வருகிறது, மெஷின் என்ன செய்யும், நூற்றுக்கு நூறு போட்டது. ஒரு வாரம் ஐந்து மாசம் ஆகிவிட்டது. இதைப் போட்டும் அசதி போகலையே, என் உடம்புக்கு இது பலிக்காது போலிருக்கு என்று அவர் அடிக்கடி சொல்வார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம், காப்பி கலந்து கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஆஸ்பத்திரியில் அந்தக் கணக்கைப் பார்த்த டாக்டர், மூச்சுதான் சரியாகிவிட்டதே, காரணம் வேறு என்று என்னென்னவோ பரிசோதனைக்கு எழுதினார். நாலு நாள் பக்கத்தில் ஊமை மாதிரி நின்றேன். ஐந்தாம் நாள் தனியாகப் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. இதனாலதான் வந்ததுன்னு உறுதியா சொல்ல முடியாதும்மா, ஆனா தெரிஞ்சிருந்தா மாஸ்க்கை மாத்தியிருப்போம், வண்டி ஓட்ட விட்டிருக்க மாட்டோம் என்றார். மூக்கை மட்டும் மூடுகிற சின்ன மாஸ்க் ஒன்று இருக்கிறதாம், இப்போது அதைத்தான் மாட்டியிருக்கிறார்கள், பிடுங்காமல் தூங்குகிறார். இத்தனை சுலபமாக இருந்திருக்கிறது. இனிமேல் இன்னொன்று வராமல் இருக்க அது உதவும், போன கை வருமா என்று கேட்டேன், டாக்டர் காகிதத்தை மடித்தார்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. நான் ஒழுங்கா போட்டேனே, ஏன் இப்படி ஆச்சு என்று குழறிக் குழறித் தினமும் கேட்கிறார், ஆமாம், ஒழுங்காகத்தான் போட்டீர்கள் என்று சொல்லி வாயைத் துடைத்துவிடுகிறேன். என்னை மன்னிக்கச் சொல்லி உனக்கு எழுதவில்லை, அது நடக்காது என்று தெரியும்.

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். ஒன்று மறந்துவிடாதே, நீ குறட்டை விடுகிறாய் என்று மாப்பிள்ளை கேலி செய்வதாகச் சொன்னாய், உனக்கும் அப்பாவின் கட்டைக் கழுத்துதான், இந்த வாரமே போய்ப் பரிசோதித்துக்கொள். என்ன வந்தாலும் எனக்கு எழுது. உன்மேல் இருக்கிற பிரியத்தில் மாப்பிள்ளை உனக்காக எதையும் மறைக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா